அவர் இங்கே வர மாட்டார்

ஜூன் 9

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

போன் செய்யாதீர்கள். அண்ணியின் போனிலிருந்து நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது தெரிகிறது. எடுத்தால் நான் கத்துவேன், பிறகு அழுவேன். நீங்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "சரி விடும்மா" என்பீர்கள், நானும் விட்டுவிடுவேன். சின்ன வயதிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. இந்த முறை விட மாட்டேன். அதனால் எழுதுங்கள். எழுதும்போதாவது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் யோசிக்க நேரம் கிடைக்கும்.

நீங்கள் கதவுக்கு உள்ளேயே இருந்துவிட்டதால் வெளியே நடந்தது உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. சொல்கிறேன்.

கைப்பை பறிபோய் மணிக்கட்டு உடைந்ததிலிருந்து அண்ணிக்குத் தூக்கம் இல்லை. மாடிப்படியின் கீழே தெருவைப் பார்த்து இருக்கும் மரக்கதவு ஆடுகிறது, அங்கே இரும்புக் கதவு ஒன்று போட்டுத் தர முடியுமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டாள். உங்களிடம் சொல்ல வேண்டாம், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அவர் ஒரு நாள் விடுப்பு எடுத்து, தன் லிஃப்ட் வேலைப் பையையே எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் கிளம்பி வந்தார். அண்ணி கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். இவர் மேலே ஏறி மணி அடிப்பதற்கு முன்னால், வந்த வேலையைப் பார்ப்போம் என்று அளவு நாடாவை எடுத்துக் கீழ்க் கதவை அளந்திருக்கிறார். பையில் ஸ்பேனர், திருப்புளி, துளை போடும் மெஷின். யாரோ விசில் அடித்தார்கள். உங்கள் தெரு கூடிவிட்டது.

இன்னார் வீட்டு மாப்பிள்ளை என்று அவர் சொல்லியிருக்கிறார். உங்கள் தெரு பஸ் கண்டக்டர் கீழேயிருந்து கத்தினாராம்: "சார், உங்க தங்கச்சி வீட்டுக்காரர்னு சொல்றான், வந்து பாருங்க!"

உள்ளேயிருந்து நீங்கள் சொன்ன பதில் அவர் காதிலும் விழுந்தது. "அவர் இங்கே வர மாட்டார்."

அதற்குப் பிறகுதான் அடி. வலது கையில் மூன்று விரல்கள் முறிந்திருக்கின்றன. புருவத்துக்கு மேலே தையல். பார்சல் கட்டும் பிளாஸ்டிக் கயிற்றால் கைகளைப் பின்னால் கட்டிப் போட்டு, போலீஸில் ஒப்படைத்திருக்கிறார்கள். அந்தத் தடம் இன்னும் போகவில்லை. அண்ணி ஸ்டேஷனுக்கு ஓடிப் போயிருக்காவிட்டால் அன்றைக்கே உள்ளே தள்ளியிருப்பார்கள். கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள், அவ்வளவுதான். தெருக்காரர்கள் கொடுத்த புகார் அப்படியே இருக்கிறது. கதவை உடைக்க வந்த திருடன், வீட்டுக்காரரே தன் ஆள் இல்லை என்று சொன்னார் என்று அதில் இருக்கிறது.

லிஃப்ட் கம்பெனி போலீஸ் கேஸ் உள்ள ஆளை அடுத்தவர் கட்டடத்துக்குள் அனுப்பாது. வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஸ்டேஷனுக்குப் போய், அவர் யார், யார் கூப்பிட்டு வந்தார், யார் யார் அடித்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் தங்கை

*

ஜூன் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அந்தச் சொல்லைக் கிழித்துப் போட்டாலும் நான் எழுதத்தான் எழுதுவேன். என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பேச்சு வந்த நாளிலிருந்து 'நீ' என்றுதான் கூப்பிட்டாய். கடிதம் முழுக்க யாரோ ஒரு அலுவலகத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையின் கை எப்படி இருக்கிறது? விரல்களை மடக்க முடிகிறதா? நான் வந்து பார்க்கலாமா என்று கேட்கத்தான் போன் செய்தேன்.

நடந்ததற்கு நான் வருத்தப்படவில்லை என்று நினைக்காதே. ஆனால் இந்தத் தெரு இப்போது எப்படி இருக்கிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். மீட்டர் பார்க்க வந்தேன் என்று ஒருவன் எதிர் வீட்டுக்குள் போய், சமையலறையில் நின்ற அம்மாவின் வாயைப் பொத்தினான். தையல் கடை ஷட்டரை வெட்டி மெஷின்களைக் கொண்டு போனார்கள். என் போனை பஸ் நிறுத்தத்திலேயே பிடுங்கினார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து, உன் அண்ணியையும் பையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். பையை விடாமல் பிடித்திருந்தாள், அதுதான் தப்பு. எல்லாம் பட்டப்பகலில். ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் "கேமரா வையுங்க சார்" என்கிறார்கள்.

அதனால்தான் தெருக்காரர்கள் கூடிப் பேசினோம். விதியை வகுத்தவன் நான்தான், மறைக்கவில்லை. நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில் நடுவேளையில் ஒரு பிள்ளையைக் கூட்டிப் போக யாராவது வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? மாமா என்பார், பெரியப்பா என்பார். நாங்கள் நம்ப மாட்டோம். அந்தப் பிள்ளையை வாசலுக்கு வரவழைப்போம். பிள்ளை முகத்தைப் பார்த்து, "ஆமா, எங்க மாமாதான்" என்று சொன்னால் அனுப்புவோம். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைகூடத் தவறான கையில் போகவில்லை. அதையே தெருவுக்கும் சொன்னேன். புது ஆள் வந்தால் விசில். ஆளை நிறுத்தி வை. எந்த வீட்டுக்கு வந்தாரோ அந்த வீட்டுக்காரர் நேரில் வந்து பார்த்து, என் ஆள்தான் என்று சொன்னால் விடு. நல்ல விதிதானே?

கதவைத் திறக்கவில்லை என்கிறாய். உண்மைதான். அண்ணி விழுந்ததிலிருந்து, கீழே சத்தம் கேட்டால் எனக்குக் கால் நகராது. நான் சொன்னது பொய்யும் இல்லை. அவர் வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆறு வருடமாக வராதவர்.

ஒரு வழி இருக்கிறது. தெருச் சங்கச் செயலாளரான மருந்துக்கடைக்காரர் நேற்று வந்தார். உடைந்துபோய் உட்கார்ந்திருந்தார். "சார், மாடிப்படில விழுந்துட்டேன்னு அவர் ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். நாங்க புகாரை வாபஸ் வாங்கிடறோம். குடும்பத்துக்குள்ளயே முடிஞ்சுடும்" என்றார். இதனால் மாப்பிள்ளைக்கு வேலை திரும்பக் கிடைக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை. நிதானமாக யோசித்துச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

*

ஜூன் 18

அண்ணா,

'நீங்கள்' வேண்டாம் என்றாய் அல்லவா? இதோ, நீ. நீ, நீ, நீ. நீதான் கதவைத் திறக்கவில்லை. நீதான் அந்த வார்த்தையைச் சொன்னாய். போதுமா?

மாடிப்படியில் விழுந்தாராம். உன் வீட்டு மாடிப்படியில் ஏறவே விடவில்லையே, எங்கிருந்து விழுவது? விழுந்தபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விழுந்தாரா? இந்த வரியை நீ கை நடுங்காமல் எழுதினாயே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம். அந்த மருந்துக்கடைக்காரர் உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து உடைந்துபோனாராம். நீ தண்ணீர் கொடுத்தாயா?

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நல்ல விதிதான், நான்தான் பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா உங்கண்ணன் வீட்டுக் கதவு ரொம்ப மோசம். ஓங்கி ஒரு உதை விட்டா விழுந்துடும். திருடனா இருந்தா நான் எதுக்கு அதை அளக்கணும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்தால் அவருக்குத் தையல் இழுக்கிறது.

பொய் சொல்லவில்லை என்கிறாய். சரி, அவர் ஏன் உன் வீட்டுக்கு வர மாட்டார்? யாரால் வர மாட்டார்? உன் ஓய்வு விழாவில் மண்டபத்து லிஃப்ட் நின்றுவிட்டது. அத்தனை பேர் நடுவில் கையைத் தட்டி, "மாப்பிள்ளை, நீங்க சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, கொஞ்சம் பாருங்களேன்" என்று கூப்பிட்டாய். போனார். புதுச் சட்டையோடு போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். குடும்பப் படம் எடுக்கும்போது என்ன சொன்னாய்? "சட்டை கிரீஸா இருக்கு, நீங்க அடுத்த படத்துல நில்லுங்க." அடுத்த படம் எடுக்கவே இல்லை. அதிலிருந்துதான் அவர் வரவில்லை. அப்படிப்பட்டவர், அண்ணி அழுதாள் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டு வந்தார். வந்தவரை நீ ஒரு வாக்கியத்தில் தெருவிடம் ஒப்படைத்தாய்.

பயமாக இருந்தது என்கிறாய். நம்புகிறேன். கீழே இறங்கி வர வேண்டாம். ஜன்னல் திரையை ஒரு சாண் விலக்கியிருந்தால் போதும்.

உனக்கு உதாரணம் பிடிக்கும். நானும் ஒன்று சொல்கிறேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இத்தனை வருடமாக நான் பார்ப்பது இதைத்தான். ரத்தம் பட்ட துணியை உடனே பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று மூலையில் சுருட்டிப் போட்டால், அப்புறம் எந்த மருந்தைக் கொட்டினாலும் போகாது. நீ நிதானமாக யோசி என்கிறாய். காய்ந்துகொண்டிருக்கிறது, அண்ணா.

அவர் எதையும் எழுதித் தர மாட்டார். நீதான் எழுத வேண்டும்.

தங்கை

*

ஜூன் 25

தங்கச்சி,

நீ கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத எனக்கும் கோபம் வருகிறது. நீயும் கொஞ்சம் கேள்.

நீ எட்டாவது மாடியில் இருக்கிறாய். கீழே காவலாளி இருக்கிறான். காய்கறி கொண்டு வருகிறவன்கூடக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மேலே வருவான். எங்களுக்குக் காவலாளி கிடையாது. நாங்கள்தான் காவலாளி. கண்டக்டர் ராத்திரி டூட்டி முடித்து வந்து, தூங்காமல் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உன் அண்ணி ரத்தத்தோடு ரோட்டில் கிடந்தபோது, ஸ்டேஷனிலிருந்து ஒருவரும் வரவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடி வந்து, அவள் கைக்கு அட்டையை வைத்துக் கட்டினார். ஜிம் மாஸ்டர் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான். மாப்பிள்ளையின் விரலை முறித்தவன் அதே ஜிம் மாஸ்டர்தான். அதே கைகள். நான் யார் பெயரை எழுதட்டும், சொல்.

அடித்த மூன்று பேருக்கும் குடும்பம் இருக்கிறது. கேஸ் என்று வந்தால் கண்டக்டருக்கு உத்தியோகம் போய்விடும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். எங்களைப் பயமுறுத்தியவன் யார்? அவன் பெயரை எழுதச் சொல், இப்போதே எழுதுகிறேன். அவன் யார் என்றே தெரியவில்லையே! ஒன்றரை வருடத்தில் இத்தனை திருட்டு, ஒருவன்கூடப் பிடிபடவில்லை. இந்தத் தெருவில் பிடிபட்ட ஒரே ஆள் என் மாப்பிள்ளை.

போன வாரம் இன்ஸ்பெக்டர் கூட்டம் போட்டார். "உங்க ஏரியாவுல குற்றம் குறைஞ்சிருக்கு, கைத்தட்டுங்க" என்கிறார். எப்படிக் குறையாமல் இருக்கும்? புகார் கொடுக்கப் போனால் ரசீது தருவதில்லை. தேர்வே வைக்காத வகுப்பில் எவன் தோற்பான்? எல்லாரும் கைத்தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து கையைப் பார்த்து வெட்கப்பட்டேன்.

நீ என் மேல் கோபப்படுகிறாய். நான் ஸ்டேஷன் மேல் கோபப்படுகிறேன். தெரு எவன் கிடைத்தாலும் அவன் மேல் கோபப்படுகிறது. இதற்கு ஒரு முடிவு சொல்.

உன் அண்ணி என்னிடம் பேசுவதில்லை. சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். ஓய்வு விழாப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

எனக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடு.

அண்ணன்

*

ஜூலை 1

அண்ணா,

அண்ணி என் வீட்டில் இருக்கிறாள். நேற்று மத்தியானம் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். "உங்கண்ணன் கேட்டா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன்னு சொல்லு" என்றாள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உன்னை விட்டுவிட்டு வந்திருக்கிறாள், அதுதான் உண்மை.

இங்கே வருவதற்கு முன்னால் அவளே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். நான்தான் அவரைக் கூப்பிட்டேன் என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றாளாம். எழுத்தர் வாங்கிக்கொண்டு, "நீங்க சம்பவத்துல இல்லையேம்மா. இல்லைன்னு சொன்னது உங்க வீட்டுக்காரர். அவர் வந்து மாத்திச் சொல்லணும். இல்லன்னா இது தூங்கும்" என்றாராம். தூங்குமாம். இவருக்குத் தூக்கம் கிடையாது, கேஸ் தூங்கும்.

அவகாசம் கேட்கிறாய். கம்பெனி இந்த மாதக் கடைசி வரைதான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டது. இருபத்திரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தவர். எத்தனையோ கட்டடங்களின் சாவி அவர் இடுப்பில் தொங்கியிருக்கிறது. ஒரு ஊசி காணாமல் போனது என்று யாரும் சொன்னதில்லை. இப்போது எங்கள் கட்டடத்திலேயே, அவர் லிஃப்டில் ஏறினால் மூன்றாவது மாடி அம்மா கைப்பையை முன்பக்கம் இழுத்துக்கொள்கிறாள். நேற்று அவர் எட்டு மாடியும் நடந்தே ஏறி வந்தார். லிஃப்ட் மெக்கானிக், அண்ணா. படியில் ஏறி வந்தார்.

அந்த மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை என்று நீ நீளமாக எழுதியிருக்கிறாய். நான் எப்போது கெட்டவர்கள் என்றேன்? அண்ணியைத் தூக்கினார்கள், அதற்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்கிறேன். விரலை முறித்தார்கள், அதற்குப் பதில் சொல்லட்டும். ஒன்றை ஒன்றில் கழிக்க இது என்ன கணக்குப் பாடமா? உன் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பையன் பக்கத்துப் பையனின் கையை உடைத்தால், முதல் மதிப்பெண் வாங்கியவன் என்று விட்டுவிடுவாயா? விட மாட்டாய். எனக்குத் தெரியும். உன்னிடம் நானும் படித்தேன், ஸ்கேலால் அடி வாங்கினேன், தங்கச்சி என்று பார்த்தாயா?

அவர்களைப் பற்றி இவ்வளவு எழுதினாயே, மாப்பிள்ளை கெட்டவர் இல்லை என்று ஒரு வரி எழுதினாயா? மூன்று கடிதங்களையும்— இல்லை, நீ எழுதியது இரண்டுதான்— இரண்டையும் திரும்பப் படித்தேன். இல்லை.

இனி நான் எழுத மாட்டேன். கையெழுத்துப் போட்ட பிறகு எழுது.

*

ஜூலை 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் கடைசிக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சில நாள் சும்மாவே சுற்றினேன். பிறகு ஒரு காலை, சமைக்கவும் தெரியாமல், பேசவும் ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தபோது கீழே விசில் சத்தம். என் கால் வழக்கம்போல நகரவில்லை. காது மட்டும் வேலை செய்தது. "எந்த வீடு? சொல்லுடா!" என்று ஜிம் மாஸ்டரின் குரல். யாரோ எதையோ சொல்கிறார்கள், குரல் நடுங்குகிறது. அன்றைக்கு மாப்பிள்ளையின் குரலும் இப்படித்தான் மேலே வந்திருக்கும். நான் அதைக் கேட்டேன். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இந்த முறை எழுந்து படியில் இறங்கினேன். கீழே போவதற்குள் அந்த ஆளை விட்டுவிட்டார்கள். தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவராம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். மிதிக்கக்கூட இல்லை, தள்ளிக்கொண்டே ஓடினார். நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. அப்படியே ஸ்டேஷனுக்குப் போனேன்.

எழுதியது இதுதான். அவர் என் தங்கையின் கணவர். என் மனைவி அழைத்து, எங்கள் வீட்டுக் கதவைப் பலப்படுத்த வந்தார். அவர் யார் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டும் நான் வந்து பார்க்கவில்லை. பார்க்காமலே சொன்னேன். அடித்தவர்கள் மருந்துக்கடைக்காரர், கண்டக்டர், ஜிம் மாஸ்டர். நான்காவது ஆளாக என்னையும் சேருங்கள் என்று எழுத்தரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "சார், வாயால சொன்னதுக்கெல்லாம் கேஸ் போட முடியாது. நீங்க சாட்சி." அவ்வளவு சுலபமாகத் தப்பிவிட்டேன்.

அன்று மாலையே தெருக் கூட்டம். போகாமல் இருந்திருக்கலாம், போனேன்.

மருந்துக்கடைக்காரர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "சார், உங்க வீட்டு அம்மா ரத்தத்தை இந்தக் கையால துடைச்சேன். இந்தக் கைக்கு விலங்கு வாங்கிக் குடுத்துட்டீங்க. நல்லா இருங்க."

எனக்கு என்ன வந்ததோ, கத்திவிட்டேன். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. "நேர்ல வந்து பார்க்கணும்னுதானே விதி? நான் வரலை. நீங்க படி ஏறி வந்து என் சட்டையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும். ஏன் செய்யலை? கட்டிப் போட்ட ஆளு எங்கயாவது ஓடிடுவாரா? ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியலையா? திருடன் வேணும்னு இருந்தீங்க. ஒன்றரை வருஷமா ஒருத்தனும் கெடைக்கலை. கெடைச்சவனை விட மனசு வரலை!"

கண்டக்டர் மெதுவாகச் சொன்னார். "சரிதான் சார். ஆனா நீங்க 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவருக்கு நாங்க டீ வாங்கிக் குடுத்திருப்போம்."

அதற்கு என்னிடம் உதாரணம்கூட இல்லை.

இப்போது யாரும் என்னோடு பேசுவதில்லை. ரத்த அழுத்த மாத்திரைக்கு இரண்டு தெரு தள்ளிப் போகிறேன். நேற்று பஸ்ஸில் ஒருவன் என் பையில் கை வைத்தான். திரும்பிப் பார்த்து, "எடுத்துக்கோ, காலிப் பைதான்" என்றேன். அவன் பயந்துபோய் இறங்கிவிட்டான்.

நீ கேட்ட ஒரு வரி. மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. இது போதாது. நல்லவர். இதுவும் போதாது. அவர் வந்திருக்கிறார் என்று கேட்டபோது, வர மாட்டார் என்று என்னால் அத்தனை உறுதியாகச் சொல்ல முடிந்தது. அவர் என்னை எப்படிப்பட்டவன் என்று நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்?

அண்ணியிடம் சொல். பேச வேண்டாம். கை எப்படி இருக்கிறது என்று மட்டும் யாராவது எழுதினால் போதும்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 2

அண்ணா,

அண்ணியின் மணிக்கட்டு பரவாயில்லை. குடத்தைத் தூக்குகிறாள். எப்போது திரும்பி வருவாள் என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

இவர் மேல் இருந்த திருட்டுப் புகாரை ரத்து செய்துவிட்டார்கள். கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. கட்டு அவிழ்த்துவிட்டார்கள், ஆனால் நடு விரல் மடங்கவில்லை. அது மடங்கும் வரை அலுவலகத்தில் உட்கார்ந்து புகார் போன்களை எடுக்க வேண்டும். "லிஃப்ட் நின்னுடுச்சுன்னு கத்தறாங்க, போய்ப் பார்க்க முடியலை, பைத்தியம் புடிக்குது" என்கிறார். மடங்காமலே போனால் என்ன செய்வது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

கண்டக்டரின் மனைவி வந்திருந்தாள். விலாசம் எப்படிக் கிடைத்ததோ. நீயே கொடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை, உன் புத்தி எனக்குத் தெரியும். அழவில்லை, காலில் விழவில்லை. நேராக உட்கார்ந்து, "வாபஸ் வாங்கிடுங்கக்கா. அவரைச் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. உங்க வீட்டுக்காரருக்குத்தான் வேலை திரும்பி வந்துடுச்சே" என்றாள். இவர் உள்ளேயிருந்து வந்து அவளிடம் கையை நீட்டிக் காட்டினார். அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வாபஸ் வாங்க மாட்டேன். அவள் மேல் இரக்கப்படுவதும் கேஸை நடத்துவதும் ஒரே மனதுக்குள் இருக்க முடியும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

உன் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். தானே படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். திரும்பி வந்து, "கூட்டத்துல கத்தினாராமே, குரல் போயிருக்குமே" என்றார். அவ்வளவுதான். மன்னித்துவிட்டார் என்று நீ எடுத்துக்கொள்ளாதே. அவர் அப்படித்தான், எதையும் முழுசாகச் சொல்ல மாட்டார். எனக்கு மன்னிக்க வரவில்லை. நீ கையெழுத்துப் போட்டாய், தெருவை எதிர்த்தாய், எல்லாம் சரி. அதை ஜூன் மாதமே செய்திருக்கலாம். அந்த ஒரு மாதம் அவர் திருடனாக இருந்தார். அதை யார் திருப்பித் தருவது?

வழக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதி. உனக்கும் தகவல் வந்திருக்கும். வீட்டுக்கு வந்துவிட்டு இங்கிருந்து சேர்ந்து போகலாம் என்று எழுதிவிடாதே. நேராகக் கோர்ட்டுக்கு வா. மருந்துக்கடைக்காரரும் மற்றவர்களும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், உனக்குக் கால் நடுங்கும். நடுங்கட்டும். இவரை முன்னால் வரச் சொல்வார்கள். உன்னைப் பார்த்து நீதிபதி, இவர் உங்களுக்கு யார் என்று கேட்பார்.

திரும்பி நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொல். சத்தமாகச் சொல். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கேட்க வேண்டும்.

தங்கை